தாடிக்காரரின் ஆங்கிலம்

என் அண்ணன் சின்ன வயதில் ஆங்கிலத்தில் புலி. நான் அப்படித்தான் நம்பினேன், எங்கள் லயத்து வரிசை வீடுகள் எல்லாமே அப்படித்தான் நம்பின. இன்றைக்குப் பதுளையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு, அந்தப் புலி வெறும் பூனாகலைப் பூனைதான் என்று தெரியவர இத்தனை வருசம் ஆகியிருக்கிறது.

நாங்கள் பூனாகலைத் தோட்டத்தில் இருந்த காலத்தில், கொழும்பில் கடையில் வேலை செய்த சித்தப்பா ஒரு டிவி கேம் கொண்டுவந்து தந்தார். அதற்கு இருந்தது ஒரே ஒரு கேசட். அதில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் இடது பக்கமிருந்து வலது பக்கமாக, பள்ளம் தாண்டி, ஏணி ஏறி ஓடிக்கொண்டே இருப்பார்கள். பையன் அண்ணன், பெண் நான். வழியில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து மறிக்கிற குண்டு உருவத்துக்குக் கங்காணி என்று பெயர் வைத்திருந்தோம். ஒரு வேலையும் செய்யாமல் நடந்து நடந்தே மற்றவர் உயிரை வாங்குகிறதுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு கதவு இருக்கும். கதவருகே வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் நிற்பார். அவர் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் இரண்டு வரி வரும். எனக்கு அப்போது தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். அண்ணன் வாசித்துத் தமிழில் சொல்வான்.

"தங்கச்சி பீலிக்குப் போயி ஒரு வாளி தண்ணி புடிச்சாரணுமாம். அப்பதான் கதவு தொறக்குமாம்."

ஓடிப்போய்க் கொண்டுவருவேன். வந்து பார்த்தால் கதவு திறந்திருக்கும். இன்னொரு கதவில், தங்கச்சி தன் ரொட்டியில் பாதியை அண்ணனுக்குக் கொடுக்க வேண்டும் என்பார் தாடிக்காரர். கொடுத்தேன், அதுவும் திறந்தது. ஒரு தடவை அண்ணனின் சப்பாத்தைத் துடைக்கச் சொன்னார். எங்கேயோ கடல் கடந்து இருக்கிற மனிதருக்கு எங்கள் தோட்டத்துப் பீலி எப்படித் தெரியும் என்று கேட்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை. கதவு திறப்பதைத்தான் கண்ணால் பார்க்கிறேனே!

கடைசிக் கதவில் மட்டும் தாடிக்காரர் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார். "இன்னைக்கு இது போதுமாம், நாளைக்கு வரணுமாம்" என்று சொல்லிவிட்டு அண்ணன் பெட்டியை நிறுத்திவிடுவான். மறுநாளும் அதே பேச்சுத்தான். பிறகு பெட்டி பழுதாகிவிட்டது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே நான் கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்று, டீச்சரும் ஆகிவிட்டேன்.

போன மாதம் மகளுக்கு வாங்கிய புதுக் கேம் பெட்டியில், பழைய விளையாட்டுகளின் வரிசையில் அதே பையனும் பெண்ணும் நின்றார்கள். மகளைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு நான் உட்கார்ந்தேன். படம் கழுவித் துடைத்துவைத்தது போல இருந்தது. பள்ளத்தில் விழுந்தால் கவலையில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் காலம் பின்னுக்கு ஓடி நம்மைத் திரும்பவும் கரையில் கொண்டுவந்து விடுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விழுகிற பயமே இல்லை. முதல் கதவு வந்தது. தாடிக்காரர் சொன்னதை வாசித்தேன்.

"முன்னால் குகை இருட்டாக இருக்கும். விளக்கைக் கொண்டு போங்கள்."

அவ்வளவுதான். பீலியும் இல்லை, வாளியும் இல்லை. எனக்கு வந்த கோபத்தில் மேற்கொண்டு விளையாடவில்லை. மீதிக் கதவுகளை அண்ணனை வைத்துக்கொண்டுதான் திறக்க வேண்டும், அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

அண்ணன் இப்போது அப்புத்தளையில் சுற்றுலாக்காரர்களுக்கு வேன் ஓட்டுகிறான். வெள்ளைக்காரரோடு பேசிப் பேசி இன்றைக்கு உண்மையாகவே அவனுக்கு ஆங்கிலம் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தவனைப் பிடித்து உட்காரவைத்தேன். கதவுக்குக் கதவு, வகுப்பில் வாசிக்கிற குரலில் நான் வாசித்தேன்.

"இதுல ரொட்டி எங்க இருக்கு, அண்ணே?"

"கதவு தொறந்துச்சா இல்லியா, அத சொல்லு."

"சப்பாத்து எங்க?"

"இது புதுசா வந்ததுல்ல. எழுத்த மாத்தியிருப்பானுங்க."

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத மனிதன். நானும் விடுகிறதாக இல்லை. அப்படியே கடைசிக் கதவுக்கு வந்து சேர்ந்தோம். அதே குரலில் வாசிக்கத் தொடங்கினேன்.

"இதற்கு மேல் ஒருவர் மட்டுமே போகலாம். மற்றவர்..."

மீதியை வாசிக்க முடியவில்லை. அண்ணனைப் பார்த்தேன்.

"மத்ததெல்லாம் சும்மா அடிச்சுவிட்டதுதான்" என்றான். "ஒரு எழுத்தும் வெளங்கல. இது மட்டும் வெளங்குச்சு. ஒன்லி ஒன்."

"அப்ப ஏன் நீ போகல?"

"போனா நீ கத்தி ஊரக் கூட்டுவ. பக்கத்து காம்பறாக்காரங்க வந்து என்னயத்தான் வைவாங்க."

நான் கத்துகிற பிள்ளையே இல்லை. கதவு திறந்தால் போதும் என்று அவன் சொன்னதையெல்லாம் நம்பிக்கொண்டு வாய் பேசாமல் உட்கார்ந்திருந்த பிள்ளை. அது அவனுக்கும் தெரியும். அந்தப் பக்கம் பார்க்க அவனுக்கு மட்டும் ஆசை இருந்திருக்காதா? தினமும் அந்தக் கதவு வரைக்கும் வந்து, என்னை விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் திரும்பியிருக்கிறான். எனக்கு அவன் மேல் அவ்வளவு அன்பு வந்தது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அவன் திரையில் தன் பையனைச் சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, கையிலிருந்த கன்ட்ரோலரைக் கீழே வைத்தான்.

"நீ போ. டீச்சரம்மாதானே, உள்ள என்னா எழுதியிருக்குனு வாசிச்சுச் சொல்லு."

திரையில் என் பெண் மட்டும் கதவுக்குள்ளே போனாள். ஒரு சின்னத் தோட்டமும் ஒரு பெட்டியும் இருந்தன. பக்கத்தில் அதே தாடிக்காரர். உன் பொறுமைக்குப் பாராட்டுகள், புதையலை எடுத்துக்கொள் என்று எழுதியிருந்தது. அண்ணனும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாங்கிறாரு?"

"இம்புட்டு தூரம் கூட்டியாந்த அண்ணன வெளிய விட்டுட்டு தனியா வந்து நிக்கிறியேனு ஏசுறாரு" என்றேன்.

அண்ணன் அந்த இரண்டு வரியையும் நிதானமாக வாசித்து முடித்தான்.

"ஆமா, அப்படித்தான் போட்டிருக்கு" என்றான்.