டயருக்கு எண்ணெய்க் குளியல்

காஜா பேராங் வட்டாரத்தில் ரப்பரைப் பற்றிச் சந்தேகம் என்றால் மருதமுத்துவிடம்தான் போவார்கள். தோட்டத்துப் புகைக்கூடத்தில் இருபது வருடம் ரப்பர் ஷீட் உலர்த்தியவர். அந்தப் பேரை நம்பித்தான், கப்பலேறி ஆறு மாதம் ஊருக்குப் போன, தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அப்பாசாமி தன் காரை அவரிடம் ஒப்படைத்தார்.

“கட்டை வெச்சுத் தூக்கி நிறுத்து. டயர்ல வெயில் படாம சாக்கு போட்டு மூடு. வெறும் தண்ணியில தொடை, போதும். உனக்குத் தெரியாததா?”

மருதமுத்து எல்லாவற்றையும் செய்தார். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது. இரண்டாம் மாதம் ஒரு டயரில் மெல்லிய வெடிப்பு தெரிந்தது. பார்த்தால் பித்த வெடிப்பு மாதிரியே இருந்தது. குதிகாலுக்கு என்ன செய்வோமோ அதை நாலு டயருக்கும் செய்தார்: நல்லெண்ணெய். ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல். கார் ஆணா, பெண்ணா?

மனைவி பூங்காவனம் வழக்கைத் தீர்த்துவைத்தாள். “எதுக்கும் நாலு நாளும் தேய்ங்களேன்.”

டயர்கள் பளபளத்தன. கொஞ்சம் உப்பின. உடம்பு தேறுகிறது என்று மகிழ்ந்தார். ஜனவரி கடைசியில் விரலால் அழுத்திப் பார்த்தார். நகம் உள்ளே போனது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றை வைத்துவிட்டு, சப்பாத்துக்குப் போடும் கறுப்புப் பாலிஷை எடுத்து வெடிப்புகளை அடைத்தார்.

பிப்ரவரியில் அப்பாசாமி திரும்பி வந்தார்.

“டயர் புதுசாட்டம் இருக்கே! ரப்பர் தெரிஞ்சவன் கையே வேற லா!” என்று ஒரு கரை வேட்டியை நீட்டினார். “நாளைக்குப் பண்டார் ஹிலிர் திடல்ல இந்த நாட்டுச் சுதந்திரத் தேதியைச் சொல்லப் போறாங்க. வீட்டோட கார்ல போறோம். நீயும் ஏறிக்க.”

மருதமுத்து வேட்டியை வாங்கிக்கொண்டார். பாம்பைப் பிடித்ததுபோல் மேலே படாமல் எட்டப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை மருதமுத்து வந்தபோது, கட்டைகளை எடுத்து காரை இறக்கியிருந்தார்கள். கிராணியின் மனைவி சந்திரமதி மூன்று பிள்ளைகளோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அப்பாசாமி சாவியைத் திருகப் போனார். மருதமுத்து காருக்கு முன்னால் போய் நின்றார்.

“எடுக்காதீங்கய்யா. டயர் வெடிச்சிரும். எண்ணெய் தேச்சே கெடுத்துட்டேன். மேல இருக்கிறது பாலிஷு.”

அப்பாசாமி இறங்கி டயரைச் சுரண்டினார். விரல் கறுப்பானது. அதை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

“எத்தனை நாளைக்கு ஒருதரம் தேச்ச?”

“வாரத்துல நாலு நாளு.”

“என் தலையே ஒரு நாள்தான்யா எண்ணெயப் பார்க்குது!”

மருதமுத்து மடித்து வைத்திருந்த வேட்டியைத் திருப்பி நீட்டினார்.

“கட்டுய்யா. சுதந்திரத்துக்குப் பழசோடயா வருவ?”

எல்லாரும் நடந்தார்கள். கடைக்குட்டியை மருதமுத்து தோளில் சுமந்தார். வழியில் அதே தோட்டத்துத் தேவதாஸ் சைக்கிளை நிறுத்தி, “என்ன கிராணியாரே, கார் எங்க?” என்றார்.

“டயருக்கு மேலுக்கு முடியல” என்றார் அப்பாசாமி. யார் கெடுத்தது என்று காட்டிக்கொடுக்காமல் மேலே நடந்தார்.

அவர் திட்டியிருந்தால் மருதமுத்து பிழைத்திருப்பார். திடலில் கூட்டமே “மெர்டேக்கா” என்று மலாயில் சுதந்திரத்தை முழங்கியபோது அவர் குனிந்து புது வேட்டியின் கரையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து புதனானாலும் சனியானாலும் அவர் தன் தலைக்கும் எண்ணெய் வைப்பதில்லை.