நெற்றியில் பட்ட கை

பிலிப்பைன்ஸ் நாட்டு வரலாற்றையும் பண்பாட்டையும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்தும் பொறுப்பை நான்தான் விரும்பிக் கேட்டு வாங்கினேன். ஏற்காட்டில் எங்கள் பள்ளி விடுதிக்கு அந்த நாட்டிலிருந்து லியா என்ற மாணவி புதிதாக வந்திருந்தாள். யாரோடும் ஒட்டவில்லை. இந்தப் பாடம் அவளைப் பேச வைத்துவிடும் என்று உறுதியாக நம்பினேன்.

பெரியவர்களின் கையை எடுத்துத் தங்கள் நெற்றியில் வைத்து ஆசி பெறுவது அந்த நாட்டவர் வழக்கம். அதை விளக்கிவிட்டு, செய்து காட்ட லியாவை அழைத்தேன். அவள் எழுவதற்குள் பின்பெஞ்சிலிருந்து ஒருவன், "காய்ச்சல் பாக்கறாப்பல இருக்குதுங்க சார்!" என்றான். வகுப்பே சிரித்தது. லியா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். நான் அதட்டியதும் சிரிப்பு நின்றது. அவள் நிமிரவில்லை.

அப்போது வாசலில் என் அப்பா வந்து நின்றார். காப்பி எஸ்டேட்டில் கூலி வேலை செய்பவர், பள்ளிக்கூடத்தில் படிக்காதவர். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, என் மதியச் சாப்பாட்டுப் பாத்திரத்தை நீட்டி, "ஏனுங்க சார், சோத்துப்போசிய ஊட்லயே மறந்துட்டு வந்துட்டீங்க" என்றார். பிள்ளைகள் முன்னால் மகனும் அவருக்கு சார்தான்.

அவரைக் கைபிடித்து உள்ளே அழைத்து வந்து, "இவர் எங்க அப்பா" என்றேன்.

லியா எழுந்து வந்தாள். குனிந்து அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்தாள்.

"ஐயோ கண்ணு, கையெல்லாம் மண்ணு!" என்று பதறினார். அவள் விடவில்லை.

கிண்டல் செய்தவன்தான் அடுத்து வந்தான். எப்படிக் குனிவதென்று லியாவே அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். பின்னால் வரிசை நீண்டது.

"நான் என்ன சேர்வராயன் சாமியா, இப்படி வரிசை கட்டி நிக்கறீங்க!" என்று அப்பா சிரித்தார்.

அந்தக் கை என் நெற்றியில் பட்டு எத்தனையோ காலமாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.