பாதிக் கொள்கலன் தோஹாவுக்கு

சரக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவர், தாம் ஒருபோதும் காணப்போகாத அரசர்களின் முகக்குறிப்பைத் தம் முதலாளியின் முகக்குறிப்பைவிடக் கூர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது. மலேசியாவின் பாசிர் கூடாங் துறைமுகத்தருகே ஒரு சிறிய பார்வர்டிங் அலுவலகத்தில் ஏற்றுமதி ஆவணங்களைக் கவனிப்பவள் நான். இதே வகை நாற்காலியில் அமர்ந்து இதே வகைத் தலைவலியை அனுபவித்த தோழர்களுக்கு நான் சொல்லப்போவதில் புதுமை இராது, ஆறுதல் இருக்கலாம்.

இருவருக்கு ஒரு பெட்டி

பொந்தியானில் பிஸ்கட் ஆலை நடத்தும் அண்ணாமலை அண்ணன் எங்கள் நெடுநாள் வாடிக்கையாளர், செட்டிநாட்டுக் குடும்பத்தவர். அவருடைய கிரீம் பிஸ்கட்டை அரபு நாடுகளில் இருவர் வாங்கினர். துபாயில் சாகுல்; கத்தாரின் தோஹாவில் சாகுலுடைய மனைவியின் தம்பி நெய்னா. இருவரும் காயல்பட்டினத்துக்காரர்கள். தனியாக ஒரு முழுக் கொள்கலனை நிரப்பும் அளவுக்கு இருவருக்குமே வியாபாரம் இல்லை. ஆகவே இருவருக்கும் சேர்த்து ஒன்று அனுப்புவோம். அது துபாயில் இறங்கும். சாகுல் தம் பாதியை எடுத்துக்கொண்டு, மறுபாதியை லாரியில் ஏற்றிச் சவூதி வழியாக மைத்துனருக்கு அனுப்பிவைப்பார்.

ஆலையின் இரண்டாவது அடுப்பு அந்தத் தோஹாப் பாதிக்காகவே எரிந்தது. என்னுடன் வேலை பார்க்கும் பரமேஸ்வரியின் அக்காவுக்கு அங்கேதான் வேலை. பாலோ என்ற ஊரில் தோட்ட வேலையை விட்டு வெளியேறிய குடும்பம் அவர்களுடையது. அக்கா பொந்தியானில் வாழ்க்கைப்பட்டார், பரமேஸ்வரி எங்கள் துறைமுகத்தை ஒட்டிய மாசாயில் குடியேறினாள். இரு நாட்டுச் சரக்கை ஒரே பெட்டியில் போடுகிறோமே, பின்னால் தகராறு வராதா என்று ஒருமுறை அண்ணாமலை அண்ணனிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"மாமன் மச்சானுக்குள்ள பாகம் பிரிக்க லாரி போதும், தங்கச்சி. மத்தவங்களா இருந்தாத்தான் வக்கீல் வேணும்."

சாத்திய கதவு

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் சவூதியும் அமீரகமும் பஹ்ரைனும் எகிப்தும் கத்தாருடன் உறவை முறித்துக்கொண்டதாகச் செய்தி வந்தது. தரைவழி, வான்வழி, கடல்வழி மூன்றும் மூடப்பட்டன. எங்கள் கொள்கலன் அப்போது நடுக்கடலில் இருந்தது. பரமேஸ்வரி திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்: "அலமாக் கா! பிஸ்கட்டு கப்பல்ல போய்க்கிட்டு இருக்கு, இவங்க ரோட்டை மூடிட்டாங்க லா!"

பெட்டி துபாயில் இறங்கியது. அங்கிருந்து பாதி நகரவில்லை. சாகுல் இரு பாதிகளையும் தாமே விற்றுத் தீர்க்க நேர்ந்தது. எங்கள் ஐவருக்குமாக வாட்சாப்பில் ஒரு குழு இருந்தது. அதில் அவர் ஒரு சொல்லும் எழுதவில்லை. கத்தாருக்கு அனுதாபம் காட்டுவதே தண்டனைக்குரியது என்று அவர் இருந்த நாட்டில் அறிவித்திருந்தார்கள். மறுநாள் என்னைத் தொலைபேசியில் அழைத்துத் தணிந்த குரலில் பேசினார்.

"அக்கா, அந்தக் குரூப்லேர்ந்து என்னைத் தூக்கிடுங்க. மச்சினனோடயும் சண்டையில்ல, பிஸ்கட்டோடயும் சண்டையில்ல. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

ஓமான் வழி

ஓமான் அந்தச் சண்டையில் எந்தப் பக்கமும் சேரவில்லை. அதன் துறைமுகத்தில் இறக்கிச் சிறு கப்பலில் மாற்றினால் சரக்கு தோஹாவுக்குப் போய்விடும். அண்டை வீட்டார் அடித்துக்கொள்ளும்போது நடுவில் இருப்பவர் தம் வாசலைத் திறந்துவைப்பதும் ஒருவகை வெளியுறவுக் கொள்கைதான் என்று அப்போது விளங்கியது. ஆனால் நெய்னாவின் பாதிக்கு முழுக் கொள்கலன் கட்டுப்படியாகாது. பிறருடைய சரக்கோடு கலந்து ஏற்றினோம். வழியில் ஒவ்வொரு மாற்றத்திலும் யாரோ இறக்கினார்கள், யாரோ ஏற்றினார்கள். எங்கள் அட்டைப்பெட்டிகளின் மேல் யாருடைய தரை ஓடுகளோ உட்கார்ந்து பயணம் செய்தன. சரக்கு சேர்ந்ததும் நெய்னா ஒரு படம் அனுப்பினார். அதன் கீழே குரல்பதிவு.

"அக்கா, நான் கேட்டது பிஸ்கட்டு. நீங்க அனுப்பிருக்கிறது மாவு. முட்டையும் சீனியும் அடுத்த கப்பல்ல வருதா?"

வேறு ஒருவர் வந்த வழி

கத்தாரில் கடைகள் காலியாகக் கிடக்கவில்லை. துருக்கி விமானத்தில் பாலை அனுப்பியது; ஈரான் காய்கறிகளை அனுப்பியது. நட்பு ஒரு காரணம். சவூதிக்குப் பக்கத்தில் காலூன்ற ஓர் இடம் கிடைத்தது இன்னொரு காரணம். பாலுக்குப் பின்னால் துருக்கி பிஸ்கட்டும் வந்தது. வலிமையுள்ள நாடுகள் விட்டுச்செல்லும் வெற்றிடம் ஒருநாளும் வெற்றிடமாக இருப்பதில்லை. அதைப் பொந்தியான் நிரப்ப முடியாது.

நெய்னா ஆர்டரைக் குறைத்தார், பிறகு நிறுத்தினார். அண்ணாமலை அண்ணன் இரண்டாவது அடுப்பை அணைத்தார். யாரையும் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று முதலில் சொன்னவர், சில மாதங்களில் சிலரை அனுப்ப வேண்டியதாயிற்று. அவர்களில் பரமேஸ்வரியின் அக்காவும் ஒருவர். அன்று மதியம் எங்கள் அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் உலக வரைபடத்தின் முன் பரமேஸ்வரி வெகுநேரம் நின்றாள்.

"கா, துருக்கி எங்க இருக்குன்னு எங்கக்காவுக்குத் தெரியாது. ஆனா அவ வேலை அங்கதான் போயிருக்கு."

கட்டித் தழுவல்

மூன்றரை ஆண்டுகளுக்குப் பின் பகைத்தவர்கள் சமாதானமானார்கள். ஆட்சியாளர்கள் விமான நிலையத்தில் கட்டித் தழுவிய காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அண்ணாமலை அண்ணன், மறுநாள் காலையிலேயே ஒரு டின் பிஸ்கட்டோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்துவிட்டார். அடுப்பைத் துடைக்கச் சொல்லிவிட்டாராம். பழைய ஆட்களைக் கூப்பிடப் போகிறாராம். "ஒங்கக்காவுக்கு மொதல்ல போன் போடு, பரமேசு" என்றார். நான் நெய்னாவை அழைத்து, எல்லாரும் கேட்குமாறு ஒலிபெருக்கியில் போட்டேன். அவர் மகிழ்ந்தார், நலம் விசாரித்தார், பிறகு அண்ணனிடமே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. சண்டை ஆரம்பிச்சப்போ பொறந்த புள்ள இப்ப கடைக்குள்ள நடந்து வருது. நேரா துருக்கி பிஸ்கட்டுக்குத்தான் கைய நீட்டுது. அதுக்கு நான் சமாதான ஒப்பந்தத்தையா காட்ட முடியும்?"

சமாதானத்தின் பக்கவிளைவு

அதோடு முடியவில்லை. பின்னர், அதுவரை முறைத்துக்கொண்டிருந்த துருக்கியும் அமீரகமும் நெருங்கின. சவூதியும் ஈரானும் தூதரகங்களைத் திறந்தன. உலகுக்கு நல்லது என்று மனமார நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். ஆனால் பகை இருந்தவரை சாகுலின் துபாய்ப் பாதியாவது எங்களிடம் உறுதியாக இருந்தது. உறவு மலர்ந்ததும் அவருடைய கடை அலமாரியிலும் துருக்கி பிஸ்கட் ஏறியது. செய்தியைச் சொல்ல அவரே அழைத்தார். இம்முறை குரலைத் தணிக்கவில்லை.

"அன்னிக்கு அரசியல்னால கெட்டுச்சு, அக்கா. இன்னிக்கு அதே அரசியல் நல்லாயிருக்கிறதுனால கெடுது. நான் என்ன செய்ய?"

ருசி பார்த்தல்

அண்ணாமலை அண்ணனிடம் இதைச் சொல்ல நானும் பரமேஸ்வரியும் பொந்தியானுக்கு நேரில் போனோம். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ அணைந்து கிடந்த அடுப்பின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் துருக்கி பிஸ்கட்ட யாராச்சும் தின்னு பாத்தீங்களா?" நாங்கள் பார்த்ததில்லை. நாங்கள் கேட்க, சாகுல் ஒரு பொட்டலம் அனுப்பினார். அது வந்து சேர்ந்ததும் அண்ணன் ஒன்றைப் பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றார். இன்னொன்றும் எடுத்துக்கொண்டார்.

"நல்லாத்தான்டா இருக்கு, பாவிங்க! அப்ப நாம இன்னும் நல்லாப் போடணும்."

புதிய வகை ஒன்றைச் செய்து இருவருக்கும் மாதிரி அனுப்பினார். சாகுல் கொஞ்சம் கேட்டார், நெய்னா கொஞ்சம் கேட்டார். இரண்டையும் பழையபடி ஒரே பெட்டியில் போட்டு அனுப்புகிறோம், அது நிறைவதில்லை என்றாலும். பரமேஸ்வரியின் அக்கா வாரத்தில் சில நாள் வேலைக்குப் போகிறார்.

அங்கே மன்னர்கள் கைகுலுக்கி முடித்துக் கையையும் கழுவிவிட்டார்கள். பொந்தியானின் இரண்டாவது அடுப்புக்கு அந்தச் சமாதானம் இன்னும் வாரத்தில் சில நாள்தான் வந்துபோகிறது.