மணிக்கூண்டின் உச்சியில் இறங்காதவர்

சைக்கிள் மிதிக்காத நாளுக்கு ஓய்வு நாள் என்று பேர் வைத்தவர் என் வீட்டுக்காரர். அன்றைக்குத்தான் எனக்குக் கால் அதிகம் நோகும். சைக்கிள் மிதிக்கிற நாட்களிலாவது நடுவில் ஓர் இறக்கம் வரும். ஊர் சுற்றிப் பார்க்கிற நாளில் அதுவும் கிடையாது.

லாட்ஜ் அறையில் கண் விழித்தபோது ஜன்னல் கம்பியில் எங்கள் துணிகள் அரைகுறையாகக் காய்ந்திருந்தன. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு சைக்கிள்கள். வெளியே நிறுத்த விடமாட்டார், யாராவது தள்ளிக்கொண்டு போய்விடுவார்களாம். போனால் புண்ணியமாகப் போகும் என்று நினைத்துக்கொண்டேதான் இரவு படுத்தேன். மனிதர் அதற்குள் குளித்துத் தலை சீவி, பார்க்க வேண்டிய இடங்களைச் சொல்ல ஆரம்பித்திருந்தார். அருங்காட்சியகம், பழைய பாலம், மணிக்கூண்டு.

"நீங்க போய்ட்டு வாங்க. நான் தூங்குறேன்."

"தூங்குறதுக்கு வீட்லயே இருந்திருக்கலாமே."

"அதைத்தானே கிளம்பும்போது நானும் சொன்னேன்."

அவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினவர். காலையிலிருந்து சாயங்காலம் வரை கதவைப் பார்த்தபடி நின்று பொத்தானை அழுத்துவார். கதவு திறந்ததும் கையால் பிடித்துக்கொள்வார். ஸ்ட்ரெச்சரில் போகிறவர், குழந்தையைத் தூக்கி வருகிறவர், அழுதுகொண்டே வருகிறவர் எல்லாரையும் இறக்கிவிட்டு மறுபடி கீழே போவார். நின்று நின்றே காலில் நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. ஒருநாள்கூட வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற கையோடு இந்தப் பைத்தியம் பிடித்தது. கடலைப் பார்க்க வேண்டும், அதுவும் சொந்தக் காலால் மிதித்துப் போக வேண்டும். அதற்கு ஒரு சட்டமும் போட்டார். கடலைத் தொடும்வரை மோட்டார் வைத்த எதிலும் ஏறக் கூடாது. இரண்டு பேரில் யார் ஏறினாலும் பயணம் அத்தோடு முடிந்தது, மறுநாளே ரயிலில் வீட்டுக்கு. கொட்டுகிற மழையில் பால் வேன்காரர் வலிய வந்து ஏறச் சொன்னபோதும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டார். தனியாக விட்டால் சாப்பாட்டை மறந்து மிதிப்பார் என்றுதான் நானும் கூட வந்தேன். சீருடை தைக்கிற கடையில் காலமெல்லாம் உட்கார்ந்தே பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுத்தவள் நான். என்னாலேயே அந்த சைக்கிள் சீட்டில் உட்கார முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், என்னால் இனி முடியாது. முட்டி வீங்கிவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. மணிக்கூண்டில் லிஃப்ட் இருக்கிறது என்று லாட்ஜ்காரர் சொன்னதும் முடிவு செய்துவிட்டேன். நான் ஏறிவிட்டால் போதும், மற்றதை அவர் போட்ட சட்டமே பார்த்துக்கொள்ளும்.

அருங்காட்சியகத்தில் எதைப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள். எங்கெங்கே நாற்காலி போட்டிருந்தது என்று வேண்டுமானால் சொல்கிறேன். பாலத்தை நொண்டியபடியே கடந்து மணிக்கூண்டுக்கு வந்து சேர்ந்தோம். அவர் நேரே படிக்கட்டுக்குப் போனார்.

"நான் லிஃப்ட்ல வரேன்" என்றேன்.

நின்றுவிட்டார். "அது மோட்டாரும்மா."

"தெரியும்."

"ஏறினா அவ்வளவுதான்."

"அதுவும் தெரியும்."

என் முட்டியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "நீ இல்லாம நான் மட்டும் எங்க போறது" என்று சொல்லிவிட்டு, அவரும் என் பின்னாலேயே லிஃப்டுக்குள் வந்தார்.

அந்த லிஃப்டுக்கு ஆள் யாரும் கிடையாது. ஏறுகிறவர்களே பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும். யாரும் சொல்லாமலே இவர் பொத்தான் பக்கம் போய் நின்றார். "கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க. கதவுல கை வைக்காதீங்க" என்றார். ஊர் பார்க்க வந்த கூட்டம் மறுபேச்சில்லாமல் தள்ளி நின்றது. உச்சிக்கு வந்ததும் கதவைப் பிடித்துக்கொண்டார். எல்லாரும் இறங்கினார்கள். நானும் இறங்கித் திரும்பிப் பார்ப்பதற்குள் கதவு மூடிக்கொண்டது. அவர் உள்ளேயே இருந்தார்.

என்மேல் உள்ள கோபத்தில் போய்விட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன். கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றேன். ஊர் முழுக்கக் கீழே கிடந்தது, நாங்கள் வந்த சாலைகூடத் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் விஷயம் புரிந்தது. கோபமெல்லாம் இல்லை, பழக்கம். எத்தனை ஆயிரம் பேரை மேலே கொண்டுவந்து விட்டிருப்பார். ஒருநாளாவது அவர்களோடு இறங்கியிருப்பாரா? திரும்பி லிஃப்ட் கதவுக்கு எதிரே போய் நின்றேன்.

லிஃப்ட் மறுபடி வந்தது. உள்ளே புதுக் கூட்டம், மூலையில் கதவைப் பிடித்தபடி இவர். என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டுப் போனார்.

"இறங்குங்க" என்றேன்.

"இரு, எல்லாரும் இறங்கட்டும்."

எல்லாரும் இறங்கினார்கள். அவர் கை மட்டும் கதவை விடவில்லை. நான் போய்க் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் பிடிச்சிருக்கேன். நீங்க இறங்குங்க."

இறங்கினார். ஊரைப் பார்க்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். "கால் வலிக்குது" என்றார். கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் கேட்காத வார்த்தை. காலை நீவிக்கொண்டே, "நாளைக்கு ரயில் எப்பன்னு விசாரிக்கணும். சட்டம்னா சட்டம்தான்" என்றார்.

இதற்காகத்தானே ஏறினேன்? ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ.

"எதுங்க பயணம்? அந்தப் பொட்டிக்குள்ள இத்தனை வருஷமா மேலயும் கீழயும் போனீங்களே, எங்கயாவது போய்ச் சேர்ந்தீங்களா? அதுல போனதெல்லாம் ஒரு போக்கா? இன்னைக்கு லிஃப்ட்ல ஏறினதும் கணக்குல வராது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "வராதுங்கறியா?"

"வராது."

சொல்லி முடித்த பிறகுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வீட்டுக்குப் போக எனக்கிருந்த ஒரே வழியை என் வாயாலேயே அடைத்துவிட்டேன். அவர் எழுந்து கைப்பிடிச் சுவரோரம் போய், கையைப் புருவத்தில் வைத்து, நாளைக்குப் போகிற சாலையைத் தேடினார்.

"முதல்ல மேடுதான் போலிருக்கு" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

எனக்கு அழுகை வந்தது. அவருக்காகவா, என் முட்டிக்காகவா என்று எனக்கே தெரியவில்லை.