அண்ணாந்த மாப்ள போட்ட வைஃபை

எந்த ரூமுக்குள்ள காலை வெச்சாலும் அண்ணாந்த மாப்ள மொதல்ல மேலதான் பாப்பாரு. ஆளு, நாற்காலி, நீட்டுற தண்ணி டம்ளர், எதுவும் கண்ணுல படாது. சீலிங்தான். சத்தியமா நடந்த கதை சொல்றேன், ஒரு சொல்லுகூட பொய் இல்ல. சரி சரி, சிரிக்காதீங்க, கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன். சுருங்கிப்போன கதையை யாரு கேப்பா? இந்த ஹால்ல உக்காந்திருக்கிற பாதிப் பேரு கதையில வருவீங்க, கோவிச்சுக்கக் கூடாது.

மாமியார் வீட்டுக்கு மொதல் தடவை வந்த அன்னைக்கே இப்படித்தான் மேல பாத்துட்டு நின்னாரு. மாமனாரு பாவம், கூரை ஒழுகுதோன்னு வாளியைக் கொண்டுவந்து வெச்சுட்டாரு. அன்னைக்கு விழுந்த பேருதான் அது.

தொழிலு, ஆபீசுக்கு ஆபீசு வைஃபை மாட்டிக் குடுக்கறது. ஏணியில ஏறிட்டாருன்னா சாப்பாட்டைக்கூட மேலதான் அனுப்பணும். பேச்சும் அங்க இருந்தாத்தான் வரும். தரையில இறங்கிட்டா வாய்க்குப் பூட்டு.

பொண்டாட்டியோட தம்பி வேலை பாக்குற ஆபீஸ்ல நெட்டு நொண்டிக்கிட்டே இருந்துச்சு. முன்னாடி வந்த ஆளு நட்டநடுவுல ஒரே ஒரு பெரிய வைஃபை பெட்டியை மாட்டி, பவரை உச்சத்துல வெச்சுட்டுப் போயிட்டான். நாலு பேரு இருந்தா பறக்கும். ஆபீசு நிறைஞ்சுதோ, அனுப்புன மெயிலு போய்ச் சேர்றதுக்குள்ள அனுப்புனவனுக்குத் தலை நரைச்சிடும். தம்பி சும்மா இருந்தானா? "எங்க மச்சான் பாத்துப்பாரு சார்"னு வாயைக் குடுத்துட்டான். "திங்கக்கிழமை முதலாளி வர்றாரு. அன்னைக்கு நெட்டு நின்னுச்சுன்னா மச்சானோட நீயும் மூட்டையைக் கட்டு"ன்னுட்டாரு மேனேஜரு.

மாப்ள பெரிய பெட்டியைக் கழட்டிட்டு, ரூமுக்கு ஒண்ணா சின்னப் பெட்டி மாட்டினாரு. எல்லாத்துக்கும் பவரைக் குறைச்சாரு. மேனேஜருக்குப் பொறுக்கல.

"ஏங்க, புத்தம்புதுப் பெட்டி, ஏன் குறைக்கிறீங்க?"

"எல்லாப் பெட்டியும் கத்துனா யாரு பேச்சும் யாருக்கும் கேக்காது சார். நம்பலன்னா எங்க மாமியார் வீட்டுக்கு வந்து பாருங்க."

ஏணி மேல இருந்ததால சொன்னாரு. கீழ இருந்தா சொல்லியிருப்பாரா?

ஓட்டிப் பாத்தா பிச்சுக்கிட்டுப் போச்சு. தம்பி குதிச்சான். "குதிக்காதடா, காலி ஆபீஸ்ல எல்லா வைஃபையும் சிங்கம்தான்"னாரு ஏணி மேல இருந்த மாப்ள. கூட்டம் வேணும். கூட்டத்துக்கு எங்க போறது? லீவு நாளாப் பாத்து மாமியார் வீட்டுப் பட்டாளத்தையே வேன்ல அள்ளிக்கிட்டு வந்துட்டாரு. ஆளுக்கு ரெண்டு போனு. ரூம் ரூமாப் பிரிச்சு உக்கார வெச்சு, ஏணியில ஏறி, "எல்லாரும் ஒரே நேரத்துல வீடியோ கால் போடுங்க. எடத்தை விட்டு மட்டும் அசையாதீங்க"ன்னாரு.

நம்ம சனம் அசையாம இருக்குமா? மாமியாரு மீட்டிங் ரூம்ல இருந்து பக்கத்து ரூம்ல இருந்த தங்கச்சிக்கு, அதான் சின்ன அத்தைக்கு, போட்டாங்க. "ஏண்டி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான இருக்கே, போன்ல என்னடி பேச்சு? எந்திரிச்சு வாடி!" சின்ன அத்தை கிளம்பினாங்க. தன்னைப் பத்தி ஏதும் பேசிடுவாங்களோன்னு அவங்க மருமக பின்னாடியே போனா. அவ பின்னாடி மிச்சக் குடும்பம். ஒருத்தர் மடியில ஒருத்தர் உக்காந்தாச்சு. அத்தனை போனும் அந்த ரூமோட ஒத்தைப் பெட்டி மேல விழ, போன்ல எல்லா மூஞ்சியும் அப்படியே உறைஞ்சுபோச்சு. மாமியாரு வாயைத் தொறந்தபடி நின்னுட்டாங்க. போன்லதான். நேர்ல எங்க நின்னாங்க?

மாப்ள ஏணி மேல நின்னு கத்தினாரு. "அத்தை, அவங்கவங்க எடத்துக்குப் போங்க அத்தை. ஆபீஸ்ல யாரு இப்படி ஒரே ரூம்ல அடைஞ்சு கிடப்பாங்க?"

அப்பத்தான் தம்பி தலையைச் சொறிஞ்சான். "இல்ல மச்சான்... திங்கக்கிழமை முதலாளி பேசறப்ப எல்லாரையும் இந்த ரூம்லதான் அடைக்கப்போறாங்க. லேப்டாப்போட."

"அடப்பாவி, இதை இப்பவாடா சொல்லுவே?"

"நீங்க எங்க கேட்டீங்க? மேலயே பாத்துட்டு இருந்தீங்க."

வாழ்க்கையில மொதல் தடவையா மாப்ள சீலிங்கை விட்டுட்டு, மடிமேல மடியா இருந்த கூட்டத்தைப் பாத்தாரு. நல்லாப் பாத்தாரு. அப்புறம் ஏணியைத் தூக்கிட்டுப் போயி அந்த ரூமோட மறு கோடியில இன்னொரு பெட்டியை மாட்டினாரு. பாதிப் பேரு இதுல, பாதிப் பேரு அதுல. உறைஞ்ச மாமியாரு வாய் மறுபடி ஆட ஆரம்பிச்சுது.

திங்கக்கிழமை முதலாளி பேசினாரு, பேசினாரு, ஆபீசே தூங்கி விழுந்துச்சு. நெட்டு மட்டும் தூங்கல. தம்பி வேலை பொழச்சுது. ஆக, அந்த ஆபீசைக் காப்பாத்துனது யாருன்னு கேட்டா...

"நான்தான்! நான் கூப்பிட்டதாலதான எல்லாரும் வந்தாங்க?" முன்வரிசையில உக்காந்து கதை கேட்டுட்டிருந்த மாமியாரு நிமிந்தாங்க.

"ஆமா, கிழிச்சே. நான் எந்திரிச்சு வரலன்னா?" இது சின்ன அத்தை.

"நீங்க ரெண்டு பேரும் என்னைப் பத்திப் பேசலன்னா நான் எதுக்கு வரப்போறேன்?" இது மருமக.

"யாருடி உன்னைப் பத்திப் பேசுனது?"

போச்சு, கதை போச்சு. ஆளாளுக்கு எந்திரிச்சுக் கத்துறாங்க. சாட்சி சொல்லச் சொல்லி வெளியூர்ல இருக்கிறவங்களுக்கு வேற வீடியோ கால் போடுறாங்க. போன்ல மூஞ்சியெல்லாம் மறுபடி உறையுது. மூலையில இருந்த மாப்ள கூட்டத்தை ஒரு சுத்து பாத்தாரு. அப்புறம்தான் அண்ணாந்து பாத்தாரு. மெதுவா எந்திரிச்சுப் போயி ஏணியை எடுத்துட்டு வந்தாரு.