அறுபது தாண்டியவர்களுக்கு ஊதுகிறவள்

காளீஸ்வரி எனக்கு முதன்முதலாக விசில் ஊதிய ஆட்டத்தில் நான்கு முறை என்னை நிறுத்தினாள். நான்கும் ஒரே குற்றம். பந்தைத் தட்டாமல் கூடுதலாக ஓரடி வைத்துவிட்டேனாம். மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறி இறங்கிய முழங்கால், ஓரடி முன்னே பின்னே போகத்தான் செய்யும். நான்காவது முறை அவள் ஊதியதும் பந்தைத் தரையில் ஓங்கி அடித்தேன். அதற்கும் ஊதினாள்.

போடிநாயக்கனூரில் அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு கூடைப்பந்து அணி இருக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். பள்ளிக்கூடத்தில் ஆடியவர்கள், நாற்பது வருடம் பந்தைத் தொடாதவர்கள், சர்க்கரையும் பிரஷரும் வந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னதால் ஓட வந்தவர்கள் என்று பதினான்கு பேர் இருக்கிறோம். ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்போம். காளீஸ்வரிக்கு முன்னால் எங்களுக்கு ஊத வந்த பையன்கள் எதையும் கண்டுகொள்ள மாட்டார்கள். "பெருசுக, பாவம், விளையாண்டுட்டுப் போகட்டும்" என்று ஒருவன் போனைப் பார்த்தபடியே ஊதுவான். அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்த மடையர்களில் நானும் ஒருவன்.

அது மரியாதை இல்லை, எங்களைக் கழித்துக் கட்டியதுதான் என்பது புரிய எனக்கு ஆறு மாதம் ஆயிற்று. காளீஸ்வரி ஒருத்திதான் எங்கள் தப்பைத் தப்பு என்றாள். அதனாலேயே நாங்கள் போட்ட கூடையும் நிஜமான கூடை ஆயிற்று. அவள் ஊத வந்த பிறகு என் கால் ஒழுங்காகப் பாவியது. அவளிடம் இதை நான் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. வாரத்தில் ஆறு நாள் விடிவதற்குள் எஸ்டேட் ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறி, அந்தப் பக்கம் ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் இருபத்திரண்டு பெண்களை வைத்து வேலை வாங்குகிறாள். பள்ளியில் படிக்கும்போது மாவட்ட அணிக்கு ஆடியவள். கல்யாணத்தோடு எல்லாம் போயிற்று. ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் எங்களுக்கு ஊத வரவேண்டியவன் வரவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் உள்ளே வந்து, "விசிலக் கொண்டாங்க, நான் ஊதுறேன்" என்றாள். அப்புறம் மதுரைக்குப் போய் நடுவர் தேர்வு எழுதினாள். இரண்டு முறை தோற்று மூன்றாவது முறை தேறினாள். நடுவர் சட்டையைத் தானே தைத்துக்கொண்டாள்.

இவ்வளவு பாடு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மத்த ஆறு நாளும் எஸ்டேட்காரவுக சொல்றதத்தான் நான் சொல்றேன்ண்ணே. இங்க மட்டுந்தான் நான் பாத்தத நான் சொல்றேன்" என்றாள்.

அந்த விசிலைத்தான் பிடுங்கப் பார்த்தோம். எங்கள் கழகத் தலைவர் மொக்கையன், ஏலக்காய் வியாபாரி, நல்ல மனுஷன், ஆனால் பேரன் பேத்திகள் பார்க்கத் தன்னை ஒரு பெண் ஊதி ஊதி நிறுத்துவது அவருக்குப் பொறுக்கவில்லை. வெளியூர் நடுவரைப் போடலாம் என்று ஒரு தாள் எழுதிச் சுற்றுக்கு விட்டார். அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அந்த வாரம்தான் என்னை ஆறு முறை ஊதியிருந்தாள், கோபத்தில் போட்டேன். பக்கத்து ஊர் கம்பம் அணியோடு நடக்கப்போகும் ஆட்டத்தில் ஒரு தகராறு வந்தாலும் மாற்றிவிடுவது என்று முடிவாயிற்று. மொக்கையன் அதை அவள் முகத்துக்கு நேரே சொன்னார். "சரிண்ணே" என்றாள். பந்தில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள்.

கம்பத்தோடு ஆட்டம் கடைசி நிமிடம் வரை இழுத்தது. நாங்கள் நாற்பத்தொன்று, அவர்கள் நாற்பத்திரண்டு. பந்து என் கையில். கூடைக்கு வலப்பக்கம் யாரும் மறிக்காமல் நிற்கிறேன். எம்பப் போகும்போது விசில். கேட்டுக்கொண்டேதான் பந்தை விட்டேன். வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. ஊரே கத்தியது. அன்று ஆடாமல் வெளியே நின்ற மொக்கையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடிவந்தார்.

காளீஸ்வரி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஊதிய வேகத்தில் எதிர்முனைக்கு ஓடியிருந்தாள். அங்கே எங்கள் வெள்ளைத்துரை கூடைக் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை. அவனைத் தாங்கி உட்காரவைத்து, தன் பாக்கெட்டிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து, தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தாள். "முழுங்குங்கண்ணே, வெரசா வேணாம், மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பத்து நிமிடத்தில் அவனுக்கு முகம் தெளிந்தது.

விஷயம் இதுதான். வெள்ளைத்துரைக்கு வீடு மலைமேல் எஸ்டேட்டில். கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் இறங்கும்போது வாந்தி வரும் என்று வெறும் வயிற்றோடு கிளம்புவது மலைக்காரர்கள் பலருக்குப் பழக்கம். அவன் சர்க்கரை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் வந்து ஓடியிருக்கிறான்.

"நீ இந்தப் பக்கம் பந்தப் பாத்துக்கிட்டு நின்ன. முதுகுக்குப் பின்னாடி அவன் நின்னது எப்பிடித் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"சத்தம் நின்னுருச்சேண்ணே" என்றாள்.

வெள்ளைத்துரை ஆட்டம் தொடங்கினால் முடியும்வரை வாய் மூட மாட்டான். நடுவரை, எதிரணியை, எங்களை, வெயிலை, எல்லாவற்றையும் திட்டிக்கொண்டே ஓடுவான். நாங்கள் அதைக் காதில் வாங்குவதை எப்போதோ விட்டுவிட்டோம். அவள் விடவில்லை. ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளரும். உள்ளே குனிந்து காய் எடுக்கிற பெண் கண்ணுக்குத் தெரியமாட்டாள். பேச்சுச் சத்தத்தை வைத்துத்தான் இருபத்திரண்டு பேரும் இருக்கிறார்களா என்று பார்ப்பாளாம். ஒரு குரல் நின்றால் பேர் சொல்லிக் கூப்பிடுவாளாம், பதில் வராவிட்டால் ஓடுவாளாம். பாம்பு, வழுக்கல், மயக்கம் எதுவானாலும் அங்கே சத்தம்தான் முதலில் நிற்குமாம்.

ஆனால் மொக்கையனுக்குக் கூடைதான் முக்கியம்.

"ஏத்தா, வெள்ளைத்துரைதான் எந்திரிச்சுட்டான்ல. கூடையப் போர்டுல எழுது."

"கூடை செல்லாதுண்ணே. நான் ஊதுனப்ப பந்து கையில இருந்துச்சு. மிச்சம் ஆறு செகண்டு, போடிக்குப் பந்து."

"காத்துல இருந்துச்சு! ஊரே பாத்துச்சு!"

செல்போனில் படம் எடுத்த ஒருவனைப் பிடித்துப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அவனும் குதித்ததில் வேப்பமரமும் வானமும்தான் பதிவாகியிருந்தன. மொக்கையனுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்ப இன்னையோட உன் விசில் சோலி முடிஞ்சதுன்னு வச்சுக்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மலைச்சாமி, போட்டவன் நீ. நீ சொல்லுடா. கையிலயா, காத்துலயா?"

"அவரு பதில் சொல்ல வேண்டியதில்ல. ஆட்டக்காரவுகளக் கேட்டு முடிவு பண்ண விதி கிடையாது" என்றாள் காளீஸ்வரி.

எனக்கு நல்ல வழி காட்டிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஊருக்கு நான் வெற்றிக் கூடை போட்டவன், அவள் அதைக் கெடுத்தவள். அடுத்த வாரம் வெளியூர்க்காரன் ஒருவன் வந்து என் கால் எங்கே போனாலும் கண்டுகொள்ளாமல் ஊதுவான். அப்படி ஊதுகிற ஆட்டத்தில் இனி நான் ஓடி என்ன, உட்கார்ந்து என்ன என்று தோன்றியது.

"கையிலதான்யா இருந்துச்சு. விசில் கேட்டுத்தான் போட்டேன்" என்றேன்.

காளீஸ்வரி எனக்கு நன்றி சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. விசிலை வாய்க்குக் கொண்டுபோனவள் ஒரு நொடி அப்படியே நின்றாள். கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அப்புறம் ஊதினாள். ஆறு வினாடியில் பந்து மறுபடி என்னிடம்தான் வந்தது. அதே இடம். வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. தோற்றோம்.

செவ்வாய்க்கிழமை மொக்கையன் தன் கடை மாடியில் கூட்டம் போட்டார். நான் முதல் ஆளாகப் போய்த் தாளில் என் கையெழுத்தைக் கோடு போட்டு அடித்தேன். மற்றப் பதின்மூன்று பேரும் வெள்ளைத்துரையின் முகத்தைப் பார்த்தோம். உயிர் பிழைத்தவன், உருக்கமாக இரண்டு வார்த்தை சொல்வான் என்று நானும் எதிர்பார்த்தேன்.

அவன் எழுந்து தொண்டையைச் செருமினான். "எனக்கு ஊதுன மூணாவது ஃபவுல் அநியாயம். நான் கையே வைக்கல. வெளியூர்க்காரனக் கொண்டாந்தா நான் யார்கிட்டப் போயிக் கேக்குறது? அவளே வரட்டும். ஞாயித்துக்கிழம காலைல சாப்பிட்டுட்டு வந்து கேக்குறேன்" என்றான்.