டைல்ஸா, அத்திவாரமா?

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எங்கள் பக்கத்தில் மகளுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுப்போம். கடைசி மகளின் வீட்டுக்கு டைல்ஸ் போட்டே தீருவேன் என்று நின்றேன்.

"வாவி கிட்டக் கிடக்கு அம்மா. அந்தக் காசில அத்திவாரத்தை உசத்துங்க," என்றாள் அவள்.

இரண்டுக்கும் வசதியில்லை, மனமில்லாமல்தான் உயர்த்தினேன். மாப்பிள்ளையின் தாய் சீமெந்துத் தரையைப் பார்த்து, "என்ன மச்சாள், பள்ளிக்கூடமா கட்டினீங்க?" என்று சிரித்தார். நான் தலைகுனிந்தேன்.

அடுத்த வருட மாரியில் வாவி பெருகி அயல் வீடுகளுக்குள் புகுந்தது. மகள் வீட்டு வாசலின் மேல் படியோடு நின்றுவிட்டது. மகளும் பச்சைப்பிள்ளையும் ஈரம் படாமல் படுத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயும் உடுப்பு மூட்டையோடு அங்கேதான் வந்தார்.

இப்போது வீடு கட்டுகிறவர்களிடம், வெள்ளம் எதுவரை ஏறுமென்று அயலில் விசாரித்த பிறகே அத்திவாரம் போடச் சொல்கிறேன்.

இதை எழுதித் தரும் பேரனிடம் கேட்கிறேன்: "மனே, ஒருக்கா வாசி. உன்ட சின்னம்மா சொன்னதை நான் சொன்னதா எழுதல்லதானே?"